பெருந்தட்டி அச்சில் நேரிடும் கோளாறுகளும் பரிகாரங்களும்

தஞ்சைப் பகுதியில் வயல் விழாக்களிலும் கண்காட்சிகளிலும் சாகுபடி முறைகளை விளக்கும் பெருந்தட்டிகள் நிறுத்தப்படுகின்றன. இவை கணினியில் அமைக்கப்பட்டு, பெரும்பாலும் பிளெக்ஸில் அச்சாகின்றன. தட்டியில் ஓர் எண் மாறினாலும் குடியானவர்கள் அதை நம்பியே மருந்தையும் உரத்தையும் அளந்து இடுவர். ஆகையால் கோளாறுகளை மை விழுமுன்பே கண்டு திருத்துதல் அவசியம்.

1. எழுத்துச் சிதைவு.— பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்களின் இடத்திலேயே தமிழ் எழுத்துக்கள் அமைந்துள்ளன. அவ்வெழுத்துரு அச்சுக்கூடத்துக் கணினியில் இல்லையாயின், தமிழ் வரிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக மாறிவிடும். மேலும், காற்புள்ளிக்குரிய இடத்தில் 'இ' இருப்பதால், 1,250 என்பது '1இ250' என வருவதுண்டு. தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்ட யூனிகோடு முறையில் தட்டெழுதுவது நலம். பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்கள் இம்முறைக்கு இடங்கொடா. எம்முறையாயினும், அச்சுக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துக்களைக் கோட்டுருவமாக, அதாவது 'கர்வ்ஸ்' ஆக, மாற்றிவிட வேண்டும். பின்னர் அவற்றை எழுத்தாகத் திருத்த இயலாதாகையால், மூலப்பிரதியைத் தனியே வைத்துக்கொள்க.

2. படம் மங்குதல்.— பத்து அடி அகலம் என்பது 120 அங்குலம். கைபேசியில் வந்த 1,200 புள்ளி அகலமுள்ள படத்தை அதில் விரித்தால், அங்குலத்துக்குப் பத்துப் புள்ளியே கிடைக்கும். பூச்சியின் உருவம் கட்டங்கட்டமாகத் தோன்றும். சில அடி தூரத்தில் நின்று பார்க்கும் தட்டிக்கு, முழு அளவில் அங்குலத்துக்கு 72 முதல் 100 புள்ளி வரை போதுமானது. பத்தில் ஒரு பங்கு அளவில் அமைப்பவர்கள் இதனைப் பத்தால் பெருக்கிக் கொள்க.

3. ஓரம் அறுபடுதல்.— தட்டியின் ஓரம் மடிக்கப்பட்டு வளையங்கள் அடிக்கப்படும். ஆகையால் நான்கு புறமும் மூன்று அங்குலம் விட்டு உள்ளே எழுத்துக்களை அமைக்க வேண்டும்.

4. நிறம் மாறுதல்.— கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறங்காட்டுவது. அச்சு இயந்திரமோ சாதாரணமாக நீலம், செந்நிறம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் நிறந்தருவது. திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சை அச்சில் மங்கலாம். வெயிலில் நாளடைவில் வெளிறவும் கூடும். ஆதலின் நெற்பயிருக்குத் தழைச்சத்து தேவையா என்பதை அறிய உதவும் இலை வண்ண அட்டையைத் தட்டியில் அச்சிட்டு, அந்நிறத்தோடு பயிரை ஒப்பிடச் சொல்லலாகாது. வெள்ளைப் பொன்னிக்கு 3, ஏனைய ரகங்களுக்கு 4 என்னும் அளவெண்களைத் தட்டியில் எழுதி, ஒப்பிடுதற்கு உண்மையான அட்டையையே கையில் கொடுக்க வேண்டும்.

முடிவாக, அச்சுக்கூடத்துக் கணினியிலேயே கோப்பைத் திறந்து, ஒவ்வோர் எண்ணையும் அளவையும் மூலத்தோடு ஒருவர் வாசிக்க மற்றொருவர் ஒப்புநோக்க வேண்டும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்றிருப்பது 100 கிராம் என்றாகிவிடாமல் காப்பது இச்சிறு சிரமமே. முக்கியமான ஒரு பகுதியை முழு அளவில் ஒரு முழத்துண்டில் அச்சிட்டுப் பார்த்த பின்னரே முழுத் தட்டிக்கும் உத்தரவு கொடுப்பது சிக்கனமாகும்.