அடுத்த கன்சோலைக் கணிக்கும் தம்பிக்கு



நீ அனுப்பிய பதினோரு பக்கமும் வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன், இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. சிப் வடிவமைப்பில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. யாரும் கேட்காமலே உட்கார்ந்து, அடுத்த ப்ளேஸ்டேஷன் உள்ளே எப்படி இருக்கும் என்று இத்தனை தூரம் யோசித்து எழுதியிருக்கிறாய். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்தப் பழக்கத்தை எந்த வேலைப் பளுவிலும் விட்டுவிடாதே. நம் தொழிலில் ஒரு பொருள் கடைக்கு வருவதற்கு நான்கைந்து வருடம் முன்பே அதன் முக்கிய முடிவுகளை எடுத்தாக வேண்டும். கணிக்கத் தெரியாதவனால் வடிவமைக்கவும் முடியாது.

இனி குறையைச் சொல்கிறேன், வருத்தப்படாதே. முதல் பக்கத்தில் வெளிக்கூட்டின் படம் போட்டிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தில் 60 டெராஃப்ளாப்ஸ், 48 ஜிபி மெமரி. விலை 499 டாலர் என்பது கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் வருகிறது. எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்பது எங்கேயுமே இல்லை. முழுக்கத் தலைகீழாகப் போட்டுவிட்டாய். விலையும் வாட்டும்தான் முதல் பக்கம். வெளிக்கூடு கடைசி. கன்சோல் செய்கிறவர்கள் அந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதி வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் பேசத் தொடங்குவார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் வீடுகளில் சொல்வது இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்தும்.

விரலை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006-இல் வந்த பிஎஸ்3-ஐப் பார். சோனி, தோஷிபா, ஐபிஎம் மூவரும் சேர்ந்து செய்த செல் புராசஸர், அன்றைக்குப் புதிதான ப்ளூ-ரே டிரைவ், போதாததற்கு பழைய பிஎஸ்2 விளையாட்டுகள் ஓடுவதற்காக அதன் எமோஷன் எஞ்சின் சிப்பையும் முதல் மாடலில் அப்படியே உள்ளே வைத்தார்கள். அமெரிக்க விலை 499, 599 டாலர். செலவைக் குறைக்க அந்த பிஎஸ்2 சிப்பைப் பிறகு எடுத்துவிட்டார்கள். செல்லுக்கு எழுதப்பட்ட விளையாட்டுகளை அதற்கடுத்த பிஎஸ்4-ஆல் ஓட்டவே முடியவில்லை. 2013-இல் மார்க் செர்னி வடிவமைத்த பிஎஸ்4, கம்ப்யூட்டர்களில் எல்லோருக்கும் பழகிய எக்ஸ்86 புராசஸரோடு 399 டாலருக்கு வந்தது. ஏழு வருட இடைவெளியில் ஒரு நிறுவனம் என்ன கற்றுக்கொண்டது என்பது அந்த 200 டாலர் வித்தியாசத்தில் இருக்கிறது.

வாட்டுக்கு வருகிறேன். முதல் மாடல் பிஎஸ்5 ஒன்றை நீயே ஒருமுறை பிரித்துப் பார். மேலே இருக்கும் வெள்ளைத் தகட்டைக் கழற்றியதும் ஃபேன் தெரியும். 120 மில்லிமீட்டர் விட்டம், 45 மில்லிமீட்டர் கனம், இரண்டு பக்கமும் காற்றை உறிஞ்சும். அதற்குள்ளே போனால் ஹீட்சிங்க். கையில் எடுத்தபோது எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. பெட்டிக்குள் இருப்பதில் கணிசமான இடம் அதற்குத்தான். சிப்புக்கும் அதற்கும் நடுவில் சாதாரண பேஸ்ட் இல்லை, திரவ உலோகம். அது மின்சாரத்தைக் கடத்தும், கசிந்தால் போர்டே போய்விடும். கசியாமல் தடுக்கும் வழியைக் கண்டுபிடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்ததாக அதன் இயந்திர வடிவமைப்பாளர் யாசுஹிரோ ஊதோரி, 2020 அக்டோபரில் அதைப் பிரித்துக் காட்டிய வீடியோவில் சொல்கிறார். விளையாடும்போது சுமார் 200 வாட் இழுக்கும் பெட்டி அது. அந்த வெப்பத்தைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளத்தான் நாலரை கிலோ எடையும் அந்த உயரமும். பார்க்கிறவர்கள் வெளிக்கூட்டின் வளைவை ரசித்தார்கள், திட்டவும் செய்தார்கள். அந்த அளவைத் தீர்மானித்தது ஹீட்சிங்க். அதன் கையேட்டில் இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி என்று போட்டிருக்கிறது. சென்னையில் மே மாத மதியம், கதவு மூடிய டிவி அலமாரிக்குள் அது என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார். நீ வரைந்த மெல்லிய தட்டையான பெட்டிக்குள் 60 டெராஃப்ளாப்ஸின் வெப்பம் எங்கே போகும்?

அதே பிஎஸ்5-இல் இன்னொரு பாடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் செர்னி அதன் உள்ளமைப்பை விளக்கிப் பேசியபோது கிராபிக்ஸில் 36 கம்ப்யூட் யூனிட் என்றார். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் 52. கணித்தவர்கள் பலரும் ஏமாந்து போனார்கள். 10.28 டெராஃப்ளாப்ஸ், எதிராளியிடம் 12.15, கதை முடிந்தது என்று எழுதினார்கள். ஆனால் அந்த 36-ஐ 2.23 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினார்கள். எப்படி முடிந்தது? கன்சோல்களில் வழக்கமாகச் சிப்பின் வேகத்தை நிலையாக வைத்துக்கொண்டு மின்சாரத்தை ஏற இறங்க விடுவார்கள். இங்கே மின்சாரத்தின் உச்சவரம்பை நிலையாக வைத்து, வேகத்தை ஏற இறங்க விட்டார்கள். எந்த விளையாட்டு வந்தாலும் வெப்பம் இத்தனைக்கு மேல் போகாது என்று தெரிந்துவிட்டால் ஹீட்சிங்க் செய்கிறவருக்குக் கையில் ஒரு உறுதியான எண் கிடைக்கிறது. வாட்டை முதலில் எழுதியவர்கள் எடுத்த முடிவு அது. விளையாட்டுகள் வந்து, திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தாளில் தெரிந்த அந்தப் பெரிய இடைவெளி பெரும்பாலும் கண்ணுக்குப் படவில்லை.

36 என்ற எண்ணுக்கு வேறு இரண்டு காரணமும் உண்டு. பிஎஸ்4 ப்ரோவிலும் 36-தான். பழைய விளையாட்டுகளைப் பிசகில்லாமல் ஓட்ட அந்த ஒற்றுமை உதவியது. மற்றது, சிப்பில் உண்மையில் இருப்பவை 40. நான்கை அணைத்து வைக்கிறார்கள். சிப்புகளை வெட்டியெடுக்கும் வேஃபரில் எங்கோ ஒரு தூசியளவு பழுது விழுந்தாலும், பழுதான யூனிட்டை அணைத்துவிட்டு அந்தச் சிப்பைத் தேற்றிவிடலாம். பிஎஸ்4-இல் 20-க்கு 18, சீரீஸ் எக்ஸில் 56-க்கு 52. செல்லில்கூட எட்டு துணை புராசஸரில் ஒன்றை அணைத்துத்தான் விற்றார்கள். நீயோ எல்லா யூனிட்டும் வேலை செய்வதாகக் கணக்குப் போட்டிருக்கிறாய். அப்படிக் கணக்குப் போட்டால் வேஃபரில் கணிசமான சிப்புகள் குப்பைக்குப் போய்விடும்.

இப்போது மெமரி. இதில்தான் நீ நிறைய நேரம் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஐந்து ப்ளேஸ்டேஷன்களின் மெயின் மெமரியையும் வீடியோ மெமரியையும் கூட்டி ஒரு தாளில் எழுது. 3 எம்பி, 36 எம்பி, 512 எம்பி, 8 ஜிபி, 16 ஜிபி. முதல் தாவல் 12 மடங்கு, அடுத்தது 14, அதற்கடுத்தது 16. கடைசித் தாவல் வெறும் இரண்டு மடங்கு. இந்த ஒரு வரிசையைப் பார்த்தாலே காலம் எங்கே திரும்பியது என்று புரிந்துவிடும். மெமரியின் விலை முன்போலச் சரிவதை நிறுத்திவிட்டது. அந்தத் தட்டுப்பாட்டுக்குச் சோனி கண்ட விடைதான் நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி. பிஎஸ்4-இல் ஹார்ட் டிஸ்க் மெதுவாக ஓடுவதால், அடுத்த அரை நிமிட விளையாட்டுக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே மெமரியில் கொண்டுவந்து குவித்து வைக்க வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி வேகமாகக் கொடுத்தால் அடுத்த ஒரு நொடிக்கு வேண்டியதை வைத்திருந்தால் போதும். எஸ்எஸ்டியைப் பலர் லோடிங் நேரத்தைக் குறைக்கும் வசதியாக மட்டும் பார்த்தார்கள். வாங்க முடியாத மெமரிக்கு மாற்றாக அதை முன்கூட்டியே கணித்திருக்கக் கூடியவர், மேலே உள்ள வரிசையை எழுதிப் பார்த்தவராகத்தான் இருப்பார்.

உன் 48 ஜிபியைப் பிரித்துப் பார்ப்போம். இன்று கிடைக்கும் பெரிய ஜிடிடிஆர்7 சிப் ஒன்றில் 3 ஜிபி. 48-க்குப் பதினாறு சிப் வேண்டும். ஒவ்வொன்றும் 32 பிட். எட்டைப் போர்டின் மேல்பக்கமும் எட்டைக் கீழ்ப்பக்கமும் ஒட்டி, இரண்டிரண்டாக இணைத்தால், மெமரிக்கும் சிப்புக்கும் நடுவில் தரவு போய்வரும் பாதை, அதாவது பஸ், 256 பிட். 28 ஜிகாபிட் வேகத்தில் ஓட்டினால் 28-ஐ 256-ஆல் பெருக்கி எட்டால் வகுக்க, நொடிக்கு 896 ஜிபி. பிஎஸ்5-இல் இதே கணக்கில் 14-ஐப் போட்டால் 448 வரும். சரியாக இரண்டு மடங்கு, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதினாறு சிப்புக்குக் காசு யார் கொடுப்பது? 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போய், விலை எப்படி ஏறியது என்று நீயும் பார்த்தாய். அதோடு அந்த 256 பிட் பஸ்ஸின் கம்பிகள் வந்து சேரும் பகுதி, சிப்பின் விளிம்பில் இடம் பிடிக்கும். புதிய தலைமுறை சிலிக்கனுக்குப் போனாலும் அந்தப் பகுதி அதிகம் சுருங்குவதில்லை. விலை கூடிய சிலிக்கனில் கிட்டத்தட்ட அதே இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் பஸ்ஸைக் குறுக்கிவிட்டு அடிக்கடி வேண்டிய தரவை வைத்துக்கொள்ள சிப்புக்குள்ளேயே ஒரு மெமரி, பெரிய கேஷ், வைத்தால் என்ன என்று கேட்பாய். ஏஎம்டி 2020-இல் தன் பெரிய கிராபிக்ஸ் கார்டில் 128 எம்பி கேஷ் வைத்துக் காட்டியது உண்மைதான். இங்கேயும் ஒரு சுவர் நிற்கிறது. கேஷ் செய்யப் பயன்படும் எஸ்ராம் செல்லின் அளவு, சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டரில் 0.021 சதுர மைக்ரான், 3 நானோமீட்டரின் என்3இ வகையிலும் அதே 0.021. கணக்குப் போடும் பகுதி சுருங்குகிறது, கேஷ் சுருங்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் காசுதான் குறுக்கே வருகிறது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, 2025 அக்டோபரில் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் சேர்ந்து பேசிய வீடியோவை மறுபடி பார். மூன்று விஷயங்கள் சொன்னார்கள்: ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடத் தனிப் பகுதி, கம்ப்யூட் யூனிட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து ஏஐ கணக்குப் போடும் ஏற்பாடு, மெமரிக்குப் போய்வரும் தரவு எல்லாவற்றையும் சுருக்கி அனுப்பும் ஒரு முறை. எல்லாமே அப்போது சிமுலேஷனில்தான் இருந்தன. நீ முதல் இரண்டுக்கு நான்கு பக்கம் எழுதி, மூன்றாவதை ஒரே வரியில் கடந்துவிட்டாய். எனக்கு அந்த மூன்றாவதுதான் பெரிய செய்தி. பஸ்ஸை அகலப்படுத்த மாட்டோம், இருக்கிற பஸ்ஸில் அதிகம் ஏற்றுவோம் என்று அவர்கள் சொல்வதாகவே நான் அதைப் படிக்கிறேன்.

விலையும் வாட்டும்தான் முதலில் என்பதற்கு நின்டெண்டோ பக்கத்தையும் கொஞ்சம் படி. 1989-இல் கேம் பாய் நான்கு ஏஏ பேட்டரியோடு, கறுப்பு வெள்ளைக்கும் கீழான பச்சைத் திரையோடு வந்தது. சேகாவின் கேம் கியர் வண்ணத் திரையோடு ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றது. ஜெயித்தது கேம் பாய். பழகித் தேய்ந்த, விலை இறங்கிய தொழில்நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்து என்பது கேம் பாயை உருவாக்கிய குன்பே யோகோயின் கொள்கை. கையில் பிடிக்கும் கருவியைக் கணிக்கும்போது அவரை மறக்காதே.

என் தவறு ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். 2013 தொடக்கத்தில் என் நோட்டில் பிஎஸ்4-க்கு 4 ஜிபி என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்தேன். காரணமும் எழுதியிருந்தேன்: ஒரு ஜிடிடிஆர்5 சிப்பில் 256 எம்பி, பதினாறுக்கு மேல் போர்டில் இடம் இல்லை. பிப்ரவரி 20 அன்று நியூயார்க்கில் 8 ஜிபி என்று அறிவித்தார்கள். சிப் எண்ணிக்கை நான் சொன்ன அதே பதினாறுதான். ஒரு சிப்பின் அளவு 512 எம்பி ஆகியிருந்தது. இரட்டிப்பான சிப் நேரத்துக்குத் தயாராகாது என்ற ஒரு இடத்தில் மட்டும் தவறினேன் என்று அன்றிரவே கண்டுபிடிக்க முடிந்தது. வெறும் 4 என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு அன்றைக்கு எதுவுமே கிடைத்திருக்காது. அதற்குப் பிறகு மெமரி நிறுவனங்களின் உற்பத்தி அறிவிப்புகளை வரி விடாமல் படிக்கிறேன்.

ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுது, என்ன நடந்தால் இது பொய்யாகும் என்பதையும் எழுது, மேலே தேதியைப் போடு. என்னுடையதை இங்கேயே எழுதிவிடுகிறேன்: பஸ் 192 பிட்டைத் தாண்டாது, மெமரி 24 ஜிபியை ஒட்டி நிற்கும், விலை 599 டாலருக்குக் கீழே வராது. மெமரி விலை இரண்டு வருடத்தில் பாதியாக இறங்கினால் முதல் இரண்டும் தவறிப்போகும். பிஎஸ்2 299 டாலரில் தொடங்கி 99 வரை இறங்கியது. பிஎஸ்5 499-இல் தொடங்கி, ஐந்து வருடம் கழித்து 2025-இல் அமெரிக்காவில் 549-க்கு ஏறியது. விலை பற்றிய என் கணிப்புக்கு இதுதான் ஆதாரம்.

பதினோரு பக்கத்தையும் திருத்த உட்காராதே. அடுத்த கடிதத்தில் ஒரே பக்கம் போதும்: விலை, வாட், பஸ் எத்தனை பிட், ஒவ்வொன்றும் ஏன். என் 192 தவறு என்று உனக்குத் தோன்றினால் தயங்காமல் கணக்கோடு எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்