கடற்கரை இல்லத்துச் சகோதரி

நுழையுமுன்

கோடை விடுமுறையில் தாத்தா பாட்டியைக் காணத் தமிழ்நாட்டுக்குச் செல்லும் நீங்கள், சென்னையில் ஒரு மாலைப் பொழுதையேனும் மெரினா கடற்கரையில் கழித்திருக்கலாம். அடுத்த முறை செல்லும்போது, கடலைப் பார்த்து முடித்ததும் சற்றே திரும்பிச் சாலையின் மறுபக்கம் நோக்குங்கள். முகப்பு வளைந்த பழைய கட்டடம் ஒன்று தென்படும். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். அதனைச் சுற்றியுள்ள பகுதியையோ மக்கள் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குகின்றனர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ஆம் ஆண்டு எழுந்த கட்டடம் அது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். இவ்விரண்டு செய்திகளையும் பலர் அறிவர். அதே கட்டடத்தில் ஒரு காலத்தில் உங்கள் வயதையொத்த பெண்கள் பலர் தங்கிப் படித்தனர் என்பதை அறிந்தவர் குறைவு. இப்பாடம் அவர்களையும், அவர்களுக்கு வழிகாட்டிய ஒருவரையும் பற்றியது.

முன்னே வராதே!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். பத்து அல்லது பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. கணவனை அவள் ஓரிரு முறையே பார்த்திருக்கிறாள். ஒருநாள் அவன் நோயால் இறந்துவிட்டான் என்று செய்தி வருகிறது. அழவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதால் அவளும் அழுகிறாள். அன்றுமுதல் அவள் கைம்பெண்.

பூவும் பொட்டும் அவளுக்கு இல்லை. பல குடும்பங்களில் தலைமுடியையும் மழித்துவிடுவர். திருமண வீட்டில் அவள் நிற்கக்கூடாது. தெருவில் எதிரே வந்தால் அபசகுனம் என்பர். வாழ்நாள் முழுவதும் அவள் கேட்கும் கட்டளை ஒன்றே: "முன்னே வராதே!" இச்சொல்லை நாள்தோறும் கேட்டு வளரும் பெண்ணிடம் தன்னம்பிக்கை எங்கிருந்து முளைக்கும்?

சுப்பலட்சுமியின் இளமை

1886-ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர் சுப்பலட்சுமி. தந்தையார் சுப்பிரமணிய ஐயர் பொதுப்பணித் துறையில் பொறியாளர், தாயார் விசாலாட்சி. ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிச் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார் சுப்பலட்சுமி. அக்காலத்து வழக்கப்படி அவருக்கும் சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார்.

இங்கேதான் அவருடைய கதை மற்றச் சிறுமியரின் கதையிலிருந்து பிரிகிறது. தந்தையார் மகளை மூலையில் அமர்த்தவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தார். உற்றாரின் ஏச்சுக்கு அவர் அஞ்சவில்லை. வீட்டில் வாலாம்பாள் என்னும் சித்தியும் இருந்தார். அவரும் இளமையிலேயே கணவரை இழந்தவர். தன் துயரத்தைச் சொல்லாமலே உணர்ந்துகொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்பதைச் சிறுமி சுப்பலட்சுமி சித்தியிடம் அறிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த பணியெல்லாம் அந்தத் துணையைப் பிறருக்கும் கிடைக்கச் செய்த பணியே.

1911-ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று அவர் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. பட்டம் பெற்றவர் தம் வாழ்வை மட்டும் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்திருக்கலாம். அவரோ, எழும்பூரில் தம் தந்தையின் வீட்டிலேயே இளம் கைம்பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார்.

நால்வரிலிருந்து ஓர் இல்லம்

நால்வர் பலரானார்கள். 1912-இல் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. அப்போது பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அயர்லாந்து அம்மையார் இம்முயற்சிக்கு உறுதுணையாக நின்றார். அவருக்கு ஒரு கவலை இருந்தது. ஆண் ஆசிரியர் கற்பிக்கும் பள்ளிக்குப் பெண் குழந்தைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியர்களோ போதிய அளவு இல்லை. வீட்டு மூலையில் முடங்கிய இளம் கைம்பெண்களைப் படிக்க வைத்தால் அவர்களே நல்ல ஆசிரியைகள் ஆவார்களே என்று இருவரும் எண்ணினர். ஊர் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களே ஊருக்கு வேண்டியவர்கள் ஆகும் வழி இது.

வீடு இடம் போதாமல் திருவல்லிக்கேணிக்கு மாறிற்று. பின்னர் கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் இல்லமாயிற்று. சிறுமியர் அங்குத் தங்கிப் படித்தனர். 1914-இல் பெண்களுக்கெனத் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரியும் அதே கடற்கரைச் சாலையில்தான் இருந்தது.

பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவது எளிதாக இல்லை. 'பெண் படித்தால் குலம் கெடும்' என்று அஞ்சிய காலம் அது. ஆகவே உணவிலும் நோன்பிலும் பழைய குடும்பங்கள் எதிர்பார்த்த ஒழுங்குகளை இல்லத்தில் அவர் கடைப்பிடித்தார். மறுமணத்தைப் பற்றி உரக்கப் பேசவில்லை. இதனை அன்றைய சீர்திருத்தக்காரர் சிலர் விரும்பவில்லை. கதவை உடைக்க முயன்றிருந்தால் உள்ளிருந்த சிறுமி வெளியே வந்திருக்க மாட்டாள் என்பதை அவர் அறிந்திருந்தார். மெல்லத் தட்டித் திறக்கச் செய்தார். எனினும், இவ்வில்லம் பிராமணக் குடும்பத்துக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். துயரம் எல்லாச் சாதியிலும் இருந்தது. கதவோ ஒரு சாதிக்கே திறந்தது. அது அக்காலத்தின் குறை மட்டுமன்று. அம்முயற்சியின் குறையும் ஆகும்.

முன்னே நில்!

இல்லத்துப் பெண்களிடம் தன்னம்பிக்கை எவ்வாறு வளர்ந்தது? 'துணிவாக இரு' என்று அறிவுரை சொன்னதால் மட்டும் அன்று. அறிவுரையால் துணிவு வருமானால் உலகில் கோழைகளே இருக்க மாட்டார்கள்.

முதலாவதாக, அவர்கள் கண்முன் ஒருவர் இருந்தார். 'உன்னால் முடியும்' என்று வேறு யார் சொல்லியிருந்தாலும், 'என் நிலை உமக்கு எப்படித் தெரியும்?' என்று அச்சிறுமி உள்ளுக்குள் கேட்டிருப்பாள். சுப்பலட்சுமியிடம் அக்கேள்விக்கு இடமில்லை. அதே துயரத்தைக் கடந்து, பட்டமும் பெற்று, அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர் அவர்.

அடுத்தது ஆசிரியப் பயிற்சி. 1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வராகச் சுப்பலட்சுமி பொறுப்பேற்றார். அக்கல்லூரியோடு இணைந்து ஒரு பயிற்சிப் பள்ளியும் நடந்தது. ஆசிரியை ஆக விரும்புபவர் அப்பள்ளியின் வகுப்பறையில் மாணவியர் முன் நின்று பாடம் நடத்தியே ஆகவேண்டும். அக்காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'முன்னே வராதே' என்று கேட்டு வளர்ந்த பெண் இப்போது கரும்பலகையின் முன் நிற்கிறாள். கையில் சுண்ணக்கட்டி நடுங்குகிறது. எதிரே வரிசையாகக் குழந்தைகள். அவளை யாரும் அபசகுனம் என்று எண்ணவில்லை. 'டீச்சர்' என்று அழைக்கின்றனர். முதல்நாள் குரல் எழும்பவில்லை. பத்தாம் நாள் கடைசி வரிசைக்கும் கேட்கிறது. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கையில் கொடுத்ததும் அச்சத்துக்கு நேரம் இல்லாமல் போகிறது.

மாதச் சம்பளத்தையும் விட்டுவிட முடியாது. பிறர் வீட்டில் ஒருவேளைச் சோற்றுக்குக் காத்திருந்தவள் தன் உழைப்பில் உண்ணும்போது நிமிர்ந்து நடக்கிறாள். தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசும் பலர் இந்தச் சிறு செய்தியை மறந்துவிடுகின்றனர்.

அக்காவும் தங்கையும்

சுப்பலட்சுமியை மக்கள் 'சகோதரி சுப்பலட்சுமி' என்றே அழைத்தனர். 'சகோதரி' என்னும் சொல் மூத்தவளையும் குறிக்கும், இளையவளையும் குறிக்கும். தமிழோ மூத்தவளை அக்கா என்றும் இளையவளைத் தங்கை என்றும் பிரித்துச் சொல்கிறது. அந்தப் பிரிவில் ஒரு நயம் இருக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் இடையே வயதின் இடைவெளி பெரிது. அக்காள் ஒரு சில அடிகளே முன்னால் நடப்பவள். திரும்பிப் பார்த்துக் கைநீட்டினால் தங்கைக்கு எட்டும். இல்லத்துக்குத் தங்கையாக வந்த பெண்களுள் பலர் படித்து ஆசிரியைகளாகி வெளியேறியபோது, வேறு பல சிறுமியருக்கு அக்காக்கள் ஆயினர்.

இல்லத்தில் சேரும் வயதைக் கடந்துவிட்ட பெண்களுக்காக 1927-இல் சாரதா வித்யாலயம் தோன்றியது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் 1929-இல் நிறைவேறி 1930-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஆதரவாகச் சுப்பலட்சுமி குரல் கொடுத்தார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராக விளங்கினார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நலமையம் 1954-இல் உருவாகவும் உழைத்தார். 1958-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் அவர் மறைந்தார்.

சொற்பொருள்

கைம்பெண் – கணவனை இழந்தவள்
அபசகுனம் – தீய நிமித்தம்
உற்றார் – உறவினர்
ஏச்சு – பழிச்சொல்
மாகாணம் – ஆங்கிலேயர் காலத்து ஆட்சிப் பகுதி
நயம் – அழகு, நுட்பம்

பயிற்சி

1. 'முன்னே வராதே', 'முன்னே நில்' ஆகிய இரு தலைப்புகளுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. சித்தி வாலாம்பாள் சுப்பலட்சுமிக்கு எவ்வகையில் துணையானார்?
3. பெற்றோரின் நம்பிக்கையைப் பெறச் சுப்பலட்சுமி பழைய ஒழுங்குகளைக் கடைப்பிடித்தார். அது சரியா? இரு பக்கமும் சிந்தித்து உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
4. 'கதவோ ஒரு சாதிக்கே திறந்தது' – இத்தொடரில் 'ஓ', 'ஏ' ஆகிய இடைச்சொற்கள் தரும் பொருளை எழுதுக.
5. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் அக்காவுக்கும் தங்கைக்கும் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து எழுதுக. இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளனவா?
6. செயல்பாடு: உம் பள்ளிக்கு வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து, வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கண்டறிக. ஒரு மாதம் அவளுடன் நண்பகல் உணவு உண்க. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவளுக்குப் பயிற்சி அளிக்க. அவள் மேடையேறும் நாளில் நீ எங்கு நிற்பாய் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லி வைக்க.