கனடாவில் உதவிப் பணம் தேடுவது எப்படி?

பொது அறிவுப் பாடம்



சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்து மாதர் சங்கத்திலிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. "கனடாவில தர்ம ஸ்தாபனங்கள் நெறைய இருக்குதாம். எழுதிப் போட்டா காசு அனுப்புவாங்களாம். எங்க பிள்ளை மடுவத்துக் கூரை ஒழுகுது. அட்ரஸ் இருந்தா குடுங்க" என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு விஷயமும் இருந்தது. யாரோ ஒரு ஆள் லயத்துக்கு லயம் வந்து, "கனடா பண்ட் எடுத்துத் தாரேன். பதிவுக் காசு வீட்டுக்கு ஐந்நூறு ரூபா" என்று வாங்கிக்கொண்டு போனாராம். பிறகு ஆளையும் காணோம், காசையும் காணோம்.

மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து எடுத்துச் சேர்த்த காசு அப்படிப் போகலாமா? விஷயம் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். ஆகவே, கனடாவில் தர்ம ஸ்தாபனங்களும் ஊர்ச் சங்கங்களும் தங்கள் வேலைகளுக்குப் பணத்தை எப்படித் தேடிக்கொள்கின்றன என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. தர்மத்துக்கும் பதிவு உண்டு

கனடாவில் 80,000க்கும் மேற்பட்ட தர்ம ஸ்தாபனங்கள் பதிவாகி இருக்கின்றன. பதிவு செய்வது அந்நாட்டின் வருமான வரித் திணைக்களம். வறுமையைப் போக்குதல், கல்வி வளர்த்தல், சமயம் வளர்த்தல், சமூகத்துக்குப் பயன்தரும் வேறு பணிகள் என்று நான்கு வகை நோக்கங்களை அங்கே தர்மமாக ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த நான்கு வகையும் 1891இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் சொல்லப்பட்டவை. இன்றைக்கும் கனடாவில் அதுதான் அளவுகோல்.

பதிவான ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. முதலில் ஒன்பது எண்கள், பிறகு "ஆர் ஆர்" என்ற இரண்டு எழுத்துகள், கடைசியில் நான்கு எண்கள். நமக்கு அடையாள அட்டை இலக்கம் மாதிரித்தான். இந்த இலக்கம் உள்ள ஸ்தாபனம், பணம் கொடுத்தவருக்கு ரசீது எழுதலாம். அந்த ரசீதைக் காட்டினால் அவருக்கு வரியில் கழிவு கிடைக்கும்.

உரிமை இருந்தால் கடமையும் இருக்கும் அல்லவா? ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் கணக்கு வருடம் முடிந்து ஆறு மாதத்துக்குள் "ரி 3010" என்ற படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, நிர்வாகிகள் யார் என்றெல்லாம் அதில் வரும். கணக்குக் காட்டாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். இந்த விபரங்களில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். கொழும்பில் இருந்தும் பார்க்கலாம், கைபேசி இருந்தால் லயத்தில் இருந்தும் பார்க்கலாம்.

2. பணம் எங்கே இருக்கிறது?

கனடாவில் இந்தப் பணத்துக்கு மூன்று பெரிய ஊற்றுகள் உள்ளன.

முதலாவது, அரசாங்கம். உதாரணமாக, மூத்தோருக்கென்று "நியூ ஹொரைசன்ஸ்" என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. ஊர் மட்டத்தில் நடக்கும் சிறு வேலைகளுக்கு 25,000 டொலர் வரை அதில் கேட்கலாம். ஆனால் அந்த வேலையை மூத்தவர்களே நடத்த வேண்டும், அல்லது அவர்கள் மனதில் உதித்ததாக இருக்க வேண்டும். மாகாண அரசுகளும் கொடுக்கின்றன. ஒன்ராறியோ மாகாணத்தில் 1982இல் தொடங்கிய "ட்ரில்லியம்" நிதியம் மாகாண அரசின் அமைப்பு. புது யோசனையைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு வகை நிதி, நடக்கிற வேலையைப் பெரிதாக்க ஒரு வகை நிதி, கட்டடத்துக்கும் சாமானுக்கும் ஒரு வகை நிதி என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தனியார் நிதியங்கள். செல்வந்தக் குடும்பங்கள் ஒரு பெரிய தொகையை முதலீடு செய்து, அதில் வரும் வருமானத்தைக் கொண்டு தர்மம் செய்வார்கள். பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. 2023 தொடக்கம் உள்ள விதிப்படி, தர்ம வேலைக்கு நேரடியாகப் பயன்படாமல் முதலீட்டில் இருக்கும் சொத்தில், முதல் பத்து இலட்சம் டொலருக்கு வருடம் குறைந்தது நூற்றுக்கு 3.5 வீதமும், அதற்கு மேல் உள்ளதற்கு நூற்றுக்கு 5 வீதமும் செலவழிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிதியத்திடம் 30 இலட்சம் டொலர் இருந்தால், முதல் பத்து இலட்சத்துக்கு 35,000. மிச்சம் இருபது இலட்சத்துக்கு 100,000. மொத்தம் 135,000 டொலர் வருடாவருடம் வெளியே போக வேண்டும். ஆகவே கேட்பவர் தேடுவது போலவே, கொடுப்பவரும் நல்ல வேலைகளைத் தேடுகிறார்.

மூன்றாவது, சமூக நிதியங்கள். ஓர் ஊர் மக்கள் எல்லாரும் சேர்ந்து போடும் உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் முதல் சமூக நிதியம் 1921இல் வினிப்பெக் நகரில் உண்டானது. அலோவே என்ற வங்கிக்காரர் 100,000 டொலர் கொடுத்து அதைத் தொடங்கினார். இரண்டாவது நன்கொடை 1924இல் ஓர் உறையில் வந்தது. உள்ளே ஐந்து டொலர் தங்க நாணயம் மூன்று. கொடுத்தவர் பெயர் இல்லை. "விதவையின் காணிக்கை" என்று மட்டும் எழுதியிருந்தது. வேதாகமத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையை அறிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் விளங்கும்.

வன்கூவர் நகரத்தின் கதையும் அப்படித்தான். அலிஸ் மக்கே என்ற பெண் செக்ரட்டரியாக வேலை செய்தவர். வறுமையில் சிக்கி வீடின்றித் தவிக்கும் பெண்களுக்கு உதவ வேண்டுமென்று தன் சம்பளத்தில் 1,000 டொலர் மிச்சம் பிடித்து வைத்தார். அந்தக் காசைப் பார்த்துத்தான் பெரிய செல்வந்தர்களும் கை கொடுத்தார்கள். 1943இல் வன்கூவர் நிதியம் பிறந்தது. இன்று அது கனடாவின் பெரிய சமூக நிதியங்களில் ஒன்று. சம்பளக்காரியின் சேமிப்புத்தான் அதற்கு வித்து. சந்தாக் காசு சேர்த்து மரண சகாய சங்கம் நடத்தும் நமக்கு இது புதிய பாடம் அல்ல.

3. தேடும் முறை

பணம் இருக்கும் இடம் தெரிந்தால் போதுமா? போதாது. இதை ஒரு பேச்சாகச் சொன்னால் லேசாக விளங்கும். ரொறன்ரோவில் மூத்தோர் சங்கம் ஒன்றில் தொண்டு வேலை செய்யும் ஓர் அக்காவும், தோட்டத்தில் இருக்கும் அவருடைய தம்பியும் தொலைபேசியில் பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தம்பி: அக்கா, அங்க காசு கொட்டிக் கெடக்குதாமே? நூறு எடத்துக்கு எழுதிப் போட்டா பத்து எடத்துலயாவது கெடைக்காதா?

அக்கா: அப்படித்தான்டா நாங்களும் மொதல்ல நெனைச்சோம். ஒரே கடிதத்தை நாப்பது எடத்துக்கு அனுப்பினோம். ஒண்ணுகூட வரல்ல.

தம்பி: ஏன்?

அக்கா: மரம் நடுறதுக்குக் காசு குடுக்கிற எடத்துல வயசானவங்களுக்குத் தையல் வகுப்புன்னு கேட்டா எப்படிக் குடுப்பாங்க? அவங்க எதுக்குக் குடுக்கிறாங்கன்னு நாங்க பாக்கவே இல்ல.

தம்பி: அதை எப்படிப் பாக்கிறது?

அக்கா: போன வருசம் யாருக்குக் குடுத்தாங்க, எவ்வளவு குடுத்தாங்கன்னு கணக்குல இருக்கு. அதைப் பாத்தோம். எங்க மாதிரிச் சின்னச் சங்கத்துக்குக் குடுத்த எடம் அஞ்சுதான் தேறிச்சு. அதுல மூணு பேருக்குப் போன் பண்ணி, "இந்த வேலைக்கு நீங்க குடுப்பீங்களா?"ன்னு கேட்டோம். ஒருத்தர் இல்லன்னுட்டார். ரெண்டு பேர் எழுதச் சொன்னாங்க. ஒண்ணு கெடைச்சிச்சு.

இந்தப் பேச்சில் முழுப் பாடமும் இருக்கிறது. முதலில், கொடுப்பவரின் நோக்கம் என்ன என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, முன்பு யாருக்கு, எவ்வளவு கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். ஐயாயிரம் டொலர் கொடுக்கும் இடத்தில் ஐம்பதாயிரம் கேட்டால் கடிதம் அப்படியே ஒதுக்கப்படும். மூன்றாவது, எழுதுவதற்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டும். நான்காவது, கடைசித் திகதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. விண்ணப்பத்தில் என்ன எழுதுகிறார்கள்?

"நாங்கள் ஏழைகள், உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் கனடாவில் வேலைக்கு ஆகாது. படிக்கும் அதிகாரி தேடுவது ஆறு கேள்விகளுக்குப் பதில்: குறை என்ன? யாருக்கு? என்ன செய்யப் போகிறீர்கள்? யார் செய்வார்கள்? எவ்வளவு செலவு? நடந்ததா இல்லையா என்பதை எப்படிக் காட்டுவீர்கள்?

அந்த அக்காவின் சங்கம் போட்ட வரவு செலவுத் திட்டம் இப்படி இருக்கும் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். தையல் வகுப்பு வாரம் இரண்டு மணித்தியாலம், 40 வாரம்.

மண்டப வாடகை, 80 மணித்தியாலம், மணிக்கு 30 டொலர்: 2,400
ஆசிரியைக்குக் கொடுப்பனவு: 3,000
பஸ் பயணம் ஆறு தடவை, ஒன்றுக்கு 200: 1,200
தேநீர், சிற்றுண்டி, வாரம் 20: 800
மொத்தம்: 7,400 டொலர்

இதில் அவர்கள் கேட்டது 6,000. மிச்சம் 1,400 டொலரை அங்கத்தவர்களே சேர்த்தார்கள். நம் கையிலிருந்தும் போடுகிறோம் என்று காட்டினால் கொடுப்பவருக்கு நம்பிக்கை வரும். பணம் கிடைத்த பிறகு ரசீதுகளைக் கோவையில் வைத்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று பதிந்து, அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை அனுப்பாத சங்கத்துக்கு அடுத்த முறை கதவு திறப்பது கஷ்டம்.

5. பதிவு இல்லாத சிறு குழு என்ன செய்யும்?

கனடாவிலும் பத்துப் பேர் கூடி நடத்தும் சிறு குழுக்கள் நிறைய உண்டு. எல்லாருக்கும் பதிவு இலக்கம் இல்லை. அவர்கள் பதிவான ஸ்தாபனம் ஒன்றோடு சேர்ந்து கேட்பது வழக்கம். பணம் அந்த ஸ்தாபனத்தின் பொறுப்பில் வரும், கணக்கும் அதன் பொறுப்பு.

முன்பு கனேடிய தர்ம ஸ்தாபனம் ஒன்று, பதிவில்லாத குழுவுக்குச் சும்மா பணம் கொடுத்துவிட முடியாது. அந்த வேலையைத் தன் சொந்த வேலையாகத் தானே வழிநடத்த வேண்டும். 2022 ஜூனில் வரிச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பதிவில்லாத குழுவுக்கும், வெளிநாட்டு அமைப்புக்கும்கூட மானியம் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணம் தர்ம நோக்கத்துக்கு மட்டுமே போனது என்பதை எழுத்தாலும் கணக்காலும் காட்ட வேண்டும்.

6. நமக்கு இதில் என்ன?

கடிதம் எழுதிய மாதர் சங்கத்துக்கு வருவோம். கனடாவில் உள்ள ஒரு ஸ்தாபனம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு உதவச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அட்ரஸ் மட்டும் போதாது. நீங்கள் யார், உங்கள் சங்கத்துக்கு யாப்பு உண்டா, பாங்குப் புத்தகம் சங்கத்தின் பெயரில் உண்டா, கூட்டக் குறிப்பு எழுதுகிறீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். மடுவம் தோட்ட நிர்வாகத்தின் கட்டடம் என்றால் நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதியும் வேண்டும். கூரை போடுவது யார் கடமை என்ற கேள்வியை நிர்வாகத்திடம் முதலில் கேட்டுவிடுவதும் நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. "உள்ளூர் முயற்சிகளுக்கான கனடா நிதி" என்று கனடா அரசாங்கத்தின் திட்டம் ஒன்று பல நாடுகளில் நடக்கிறது. இலங்கையில் அதைக் கொழும்பிலுள்ள கனடா உயர் ஸ்தானிகராலயம் நடத்துகிறது. அது உள்ளூர் அமைப்புகளின் சிறு திட்டங்களுக்கானது, தனி ஆளுக்கு அல்ல. விண்ணப்பம் கோரும்போது எந்த நோக்கங்களுக்கு என்று அவர்களே அறிவிப்பார்கள். உங்கள் வேலை அதற்குப் பொருந்தினால் கேளுங்கள். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சு மொழியில் எழுத வேண்டும். ஏ.எல். படித்த நம் பிள்ளைகள் கைகொடுக்க வேண்டிய இடம் இது.

இனி முக்கியமான எச்சரிக்கை. இந்த நிதிக்கு விண்ணப்பிக்க லயத்து வீடுகளிடம் பதிவுக் காசு வாங்கும் வழக்கமே கிடையாது. எந்த நாட்டுப் பெயரைச் சொல்லி யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: "ஸ்தாபனத்தின் பதிவு இலக்கம் என்ன? ரசீது குடுப்பீங்களா? நாங்க அவங்ககிட்ட நேரா பேசலாமா?" கனடா தர்ம ஸ்தாபனம் என்று சொன்னால் அந்த இலக்கத்தை வரித் திணைக்களத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டாலோ, பதிவு ரத்து என்று இருந்தாலோ, ஆளை அனுப்பிவிடுங்கள். பட்டியலில் பெயர் இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். வந்தவர் அவர்களுடைய ஆள்தானா என்று அவர்களிடமே கேளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் சங்கத்தின் கடந்த வருடக் கணக்கை வெளியாள் ஒருவரிடம் இன்றைக்கே காட்ட முடியுமா?
2. நம் தோட்டத்தில் முதலில் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை எது? அதற்கு எவ்வளவு செலவாகும்?
3. அதில் நாம் காசாகவோ சிரமதானமாகவோ எவ்வளவு போடலாம்?
4. விண்ணப்பம் எழுத உதவக்கூடிய பிள்ளைகள் நம் லயங்களில் யார் யார்?

இந்த நான்குக்கும் பதில் எழுதிவிட்டால் விண்ணப்பத்தில் பாதி எழுதியாயிற்று. மீதிப் பாதிக்குப் பொருத்தமான இடத்தைத் தேட வேண்டும். முதல் கடிதத்துக்கு இல்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். அந்த அக்காவின் சங்கத்துக்கு நாற்பது கடிதத்துக்கும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பார்த்து எழுதிய இரண்டில் ஒன்று கிடைத்தது.