பனிக்கு முன் லீஸ்: ஒக்ரோபரில் முடிக்க வேண்டியவை

லீஸ் முடியப் போகிறவர்களும் முதல் புதுக் காரைத் தேடுகிறவர்களும் இந்த மாதம் முதலில் கூப்பிட வேண்டியது டீலரை அல்ல, ரயர் கடையை. நவம்பரில் முதல் பனி விழுந்த மறுநாள் ரொறன்ரோப் பெரும்பாகம் முழுவதும் ஒரே நேரத்தில் அந்தக் கடைகளைத்தான் கூப்பிடும். அப்போது கேட்டால் வாரக்கணக்கில் தள்ளித்தான் நேரம் தருவார்கள். கார் கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாளைப் பிடித்து வையுங்கள். எந்தக் கார் என்பதைப் பிறகு சொல்லலாம்.

ரயரை முன்னே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. “ஓல் வீல் டிரைவ் இல்லாமல் இந்த நாட்டில் சரிவராது” என்று கலியாண வீட்டிலும் சொல்வார்கள், ஷோரூமிலும் சொல்வார்கள். நாலு சில்லும் இழுத்தால் கார் பனியில் இலகுவாகப் புறப்படும், ஏற்றத்தில் ஏறும். அவ்வளவுதான். சிவப்பு விளக்கில் நிற்பதற்கு அது எந்த உதவியும் செய்யாது. நிற்பதும் வளைவதும் ரயரின் வேலை. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் ஓல் சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். வின்ரர் ரயரின் ரப்பர் கடும் குளிரிலும் இளக்கமாக இருந்து தெருவைப் பிடிக்கும். நல்ல வின்ரர் ரயர் பூட்டிய சாதாரண முன்சில்லு இழுவைக் கார், ஓல் சீசன் ரயரோடு வரும் பெரிய எஸ்யூவியை விடக் குறைந்த தூரத்தில் நிற்கும். கையில் இருக்கும் காசு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ரயரை எடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ரயர் வாங்கும்போது அதன் பக்கச் சுவரைப் பாருங்கள். மூன்று சிகரம் உள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று பெருவிரல் நகமளவில் ஒரு படம் இருக்கும். அது இருந்தால்தான் பனிக்கான சோதனையில் தேறிய ரயர். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. ஓல் வெதர் என்று விற்பவற்றில் இந்தப் படம் இருக்கும், ஓல் சீசனில் பெரும்பாலும் இராது. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்தப் படமுள்ள ரயர் சட்டப்படி கட்டாயம், மீறினால் தண்டம் 200 டொலரிலிருந்து தொடங்கும். மொன்றியல் வாசகர்கள் இதை மறந்துவிட்டு லீஸ் பேசப் போக வேண்டாம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் வின்ரர் ரயருக்குக் கழிவு தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், ஆகவே ரயர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

லீஸ் கார் திருப்பிக் கொடுக்கப் போகும் கார்தானே, அதற்கு ஏன் தனியாக ரயர் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு மறுபக்கம் இருக்கிறது. ஆண்டில் நாலைந்து மாதம் வின்ரர் ரயர் ஓடினால் காரோடு வந்த ரயர் அவ்வளவு காலம் தேயாமல் இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது பள்ளக் கோடுகளின் ஆழத்தை அளப்பார்கள். குறைந்திருந்தால் நாலு புது ரயரின் விலை உங்கள் தலையில் விழும். வின்ரர் ரயரை இரும்பு றிம்மோடு வாங்கினால், லீஸ் முடிந்த பிறகும் அது உங்களுடையது. அடுத்த காருக்கும் அதே அளவு பொருந்தினால் இன்னொரு முறை உதவும்.

இதனால் காரின் தரவகையைத் தெரிவு செய்யும்போது சில்லின் அளவைக் கேளுங்கள். ஒரே மொடலில் கீழ்வகைக்கு 16 அங்குலச் சில்லும் மேல்வகைக்கு 18 அங்குலமும் வருவது வழக்கம். 18க்கு வின்ரர் ரயர் வாங்கப் போனால் விலை ஏறிவிடும். குழியில் விழுந்து றிம் வளைவதும் மெல்லிய பெரிய சில்லில்தான் அதிகம். இன்னொரு செலவையும் பலர் பிந்தித்தான் கவனிக்கிறார்கள்: சில கார்களில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் காற்றழுத்த சென்சர் இருக்கும், இரண்டாவது செட்டுக்கும் நாலு வாங்காவிட்டால் டாஷ்போட்டில் மஞ்சள் விளக்கு குளிர்காலம் முழுவதும் எரியும். ஹொண்டா சிவிக் போன்றவை சில்லின் சுழற்சியை வைத்தே அழுத்தத்தைக் கணிப்பதால் அந்தச் செலவு இல்லை.

ஓல் வீல் டிரைவ் யாருக்குத் தேவை? பரி, ஒறிலியா பக்கம் இருப்பவர்களுக்கும், ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் ஏரிப்பனிக்குள் அடிக்கடி ஓடுபவர்களுக்கும் தேவை. 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்ற்றில் சில நாளில் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். விடியப்புறம் நாலு மணிக்கு, வழித்துத் துப்புரவு செய்யும் லொறி வருமுன்பே வேலைக்குப் புறப்படும் தாதிமாருக்கும் தொழிற்சாலை ஆட்களுக்கும் தேவை. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருந்து பகலில் பெருந்தெருக்களில் மட்டும் ஓடுபவர்களுக்கு ஆடம்பரம்.

தேவைப்படுவோர் சுபாரு இம்பிரெசாவை முதலில் பாருங்கள், அதில் எல்லா வகையிலும் நாலு சில்லு இழுவை இருக்கிறது. கொறோலா ஹைபிரிட்டிலும் மஸ்டா 3இலும் அதை விரும்பினால் எடுக்கலாம். கொறோலா ஹைபிரிட் எண்ணெய்ச் செலவையும் குறைக்கும். தேவையில்லாதவர்களுக்கு சாதாரண கொறோலா, சிவிக், எலான்ட்ரா போதும். உயரமாக எஸ்யூவி மாதிரித் தெரிந்தால் ஓல் வீல் டிரைவ் என்று எண்ணிவிடாதீர்கள். ஹியுண்டாய் வென்யூவும் இப்போதைய செவ்ரலே ட்ராக்ஸும் முன்சில்லு இழுவைதான்.

உயரத்துக்கு வேறொரு பயன் உண்டு. நகரசபை லொறி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது உங்கள் டிரைவ்வே வாசலில் முழங்காலளவு வரம்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும். ஐஸும் கலந்து சில மணித்தியாலத்தில் அது கல்லாகிவிடும். தாழ்ந்த கார் அதில் வயிறு தட்டி நிற்கும். சவள் பிடித்து அள்ள ஆள் இல்லாத வீடு, முதியவர்கள் மட்டும் உள்ள வீடு என்றால் 220 மில்லிமீற்றர் தரை இடைவெளியுள்ள சுபாரு குறொஸ்ட்ரெக் போன்றதை யோசிக்கலாம்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது வின்ரர் ஜக்கெட், பூட்ஸ், கையுறை எல்லாவற்றோடும் போங்கள். ஒக்ரோபரில் ஷோரூமில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஹீட்டரைக் கூட்டக் கையுறையைக் கழற்றித் திரையைத் தட்ட வேண்டிய காரை ஜனவரியில் தினமும் திட்டுவீர்கள். திருகும் குமிழ் இருக்கிறதா பாருங்கள். இருக்கை ஹீட்டர் இருக்கட்டும், ரிமோட் ஸ்ராட் இருந்தால் நல்லது. சன்ரூஃபுக்காக மேல்வகைக்குப் போக வேண்டாம். முன்னால் போகும் காரைக் கவனிக்கும் ராடர் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். கிறில்லில் ஈரப்பனி அப்பினால் அது வேலை செய்யாது, துடைக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

இனிக் காசுக் கணக்கு. விளம்பரத்தில் “வாரம் 79 டொலர்” என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு 48 மாத லீஸ், 3,000 டொலர் டவுன் பேமென்ற் என்று வைப்போம். 208 வாரத்துக்கு 16,432 டொலர். ஒன்ராறியோவின் 13 வீத வரியோடு 18,568. டவுன் பேமென்ற்றுக்கும் வரி உண்டு, அது 3,390. எல்லாம் சேர்ந்து 21,958, மாதத்துக்கு ஏறத்தாழ 457 டொலர். விளம்பரம் மனதில் பதித்தது முந்நூற்றுச் சொச்சம். இரண்டு டீலரை ஒப்பிடும்போது இப்படி மொத்தத்தை மாதத்தால் பிரித்துப் பாருங்கள், வட்டி வீதத்தையும், லீஸ் முடியும்போது காருக்குக் குறித்திருக்கும் மதிப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

டவுன் பேமென்ற் கொடுக்காமல் விடுவதே நல்லது. முதல் பனியிலேயே கார் அடிபட்டு முற்றாகப் போனால் காப்புறுதிப் பணம் லீஸ் நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் முன்பணமாகக் கட்டியது பொதுவாகத் திரும்பி வராது.

கிலோமீற்றரைக் குறைத்துச் சொல்லி மாதக் காசைக் குறைப்பது நம் ஆட்களின் பழைய பழக்கம். ஏஜாக்ஸிலிருந்து மிசிசாகாவுக்கு வேலைக்குப் போனால் போய்வர ஏறத்தாழ 120 கிலோமீற்றர். 230 வேலை நாளில் 27,600 ஆகும். 20,000 என்று ஒப்பந்தம் போட்டால் நாலு வருடத்தில் 30,400 கிலோமீற்றர் மிஞ்சும். ஒன்றுக்கு 10 சதம் என்றாலும் 3,040 டொலர், அதற்கு மேல் வரி. இதில் கோயிலும் கடையும் பொங்கல் விழாக்களும் இன்னும் சேரவில்லை. மேலதிகக் கிலோமீற்றரை முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் மலிவு.

லீஸ் காலம் உத்தரவாதத்தை மிஞ்ச வேண்டாம். ரொயோட்டா, ஹொண்டா, சுபாரு கார்களுக்குப் பொது உத்தரவாதம் 3 ஆண்டு அல்லது 60,000 கிலோமீற்றர், எஞ்சின் பகுதிக்கு 5 ஆண்டு அல்லது 100,000. ஹியுண்டாய், கியாவுக்கு முழுவதற்கும் 5 ஆண்டு அல்லது 100,000. துருத்தடுப்புப் பொதியை டீலர் விற்க வருவார். தெரு உப்பு காரைத் தின்னும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று நாலு வருடத்தில் திருப்பிக் கொடுக்கும் காருக்கு அந்தக் காசு வீண். கடைசியில் காரை நீங்களே வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கையெழுத்துக்கு முன் இரண்டு வேலை. காரின் சரியான வகையைச் சொல்லிக் காப்புறுதி விலை எடுங்கள், பிரம்ப்டனிலும் ஸ்காபரோவிலும் அது லீஸ் காசுக்குக் கிட்ட வந்துவிடுவதுண்டு. புதிதாக வந்தவர்களுக்குக் கடன் வரலாறு இல்லாததால் மாமாவோ சித்தப்பாவோ கோ-சைன் பண்ணுவார். நீங்கள் கட்டாவிட்டால் முழுத் தொகையும் அவர் பொறுப்பு என்பதை அவருக்கே முதலில் விளங்கப்படுத்துங்கள். ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் திரும்புவதற்கென்று சட்டம் தரும் அவகாசம் எதுவும் இல்லை. மாத முடிவு என்று அவசரப்படுத்தினால் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் வாசிக்கக் கேளுங்கள்.

முடியும் திகதியையும் பாருங்கள். ஜனவரியில் முடியும் லீஸ் என்றால் உப்பு அப்பிய காரைக் கழுவி, ஓல் சீசன் ரயரைத் திரும்பப் பூட்டி, பனிக்குள் ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும். சில மாதம் கூட்டியோ குறைத்தோ மே அல்லது ஜூனில் முடியும்படி கேட்டுப் பாருங்கள். பல டீலர்களிடம் 36 மாதத்துக்குக் கூடக்குறைய உள்ள தெரிவுகளும் உண்டு.