ஸ்லோ ஜூஸர்: வாங்குமுன், பிழியுமுன்

‘ஸ்லோ ஜூஸர் வாங்கலாமாங்க?’ என்று கேட்கிற நண்பர்கள் கூடிவிட்டார்கள். காசிமேட்டில் என் வீட்டில் ஒன்று ஓடுகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மிக்ஸியின் கத்தி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி வெட்டும். இதில் கத்தி கிடையாது. ஒரு திருகு நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்று மட்டுமே சுற்றி, காயைச் சல்லடையோடு சேர்த்து நசுக்கும். நம்ம செக்கு மாதிரிதான். நுரை குறைவு, சக்கை வறட்சியாக வரும், கீரையிலும் சாறு இறங்கும். நோயெல்லாம் தீரும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். நார் போய்விடுவதால், சர்க்கரை உள்ளவர்கள் பழத்தைக் கடித்துத் தின்பதே மேல்.

வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதைவிட, சல்லடையும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் தேய்வது அவைதான். எங்கள் கடற்காற்றுக்கு மட்டமான இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சல்லடை நல்ல எவர்சில்வராக இருக்கட்டும். வாரத்துக்கு ஒருநாள் கீரைச்சாறு மட்டும் போதும் என்றால் கையால் சுற்றும் கருவியே போதும், கரண்ட்டும் வேண்டாம்.

கீரைத்தண்டை இரண்டு அங்குலமாக நறுக்காவிட்டால் திருகில் சுற்றிக்கொள்ளும். நெல்லிக்கொட்டையை எடுத்துவிடுங்கள். கரும்பு போடவே கூடாது. பிழிந்ததும் குடித்துவிட்டு, சல்லடையை உடனே கழுவுங்கள். காய்ந்தால் பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் மசியாது.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். சுரைக்காய்ச் சாறு. கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு உண்டு. அதைக் குடித்து உயிர் போனதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவும் எச்சரித்திருக்கிறது. சமையலில் ஒரு வாய் கசந்தால் துப்பிவிடுவோம். சாறாக, அதுவும் இஞ்சி, எலுமிச்சையோடு கலந்தால், ஒரு டம்ளர் உள்ளே போன பிறகுதான் வாந்தி, பேதி, ரத்த வாந்தி. மாற்று மருந்தும் கிடையாது. அதனால் ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயையே குப்பையில் போடுங்கள். பாகற்காயோடு கலக்கவே வேண்டாம், கசப்பு எதனுடையது என்று தெரியாமல் போகும். குடித்தபின் வயிறு புரட்டினால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாட்டு விதை காப்பவர்களுக்கு இதில் பொறுப்பு கூடுதல். பக்கத்தில் பேய்ச்சுரை பூத்தால் மகரந்தம் கலந்து, அந்த விதையில் அடுத்த பட்டம் கசப்புக் காய் வரலாம். விதைக்கு விடும் பெண் பூவை முந்தின மாலையே பைகட்டி, கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடி மூடுங்கள். கசந்த கொடியிலிருந்து விதை எடுக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சக்கை ஈரமாக இருப்பதால் தனியே குவித்தால் புளிக்கும். காய்ந்த சருகோடு கலந்து மாடித் தொட்டியில் போடுகிறேன். மேலே தெளிக்க மீன் அமிலம். இங்கே மீன் கழிவுக்கா பஞ்சம்? கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை, 21 நாள் மூடிவைத்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி.