ஆல்பம் பாட்டு எடுக்கப் போகிறீர்களா? வடக்கனந்தல் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமரா யாரிடம் கடன் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் பாட்டை முடிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். இந்தியச் சட்டப்படி எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டுகள் வரை பாட்டுக்கு உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்குத் தனியே, வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள். யூடியூபில் ஏற்றியதுமே தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்துவிடும். வீடியோ முடங்கலாம், அல்லது வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகலாம். உங்கள் வகுப்பில் பாட்டுக் கட்டத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். நடவுப் பாட்டு, தாலாட்டு தெரிந்த பாட்டி ஒருவர் தெருவில் இருப்பார். அவரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அந்த மூன்று நிமிடத்தைக் காட்சிகளால் நிரப்புவதே பெரிய வேலை.

அடுத்தது பாட்டு வீடியோவின் வரலாறு. புராஜெக்ட் நோட்டில் கடைசி நாள் எழுதி ஒட்டும் பகுதியாகத்தான் பலர் இதை நினைக்கிறார்கள். என் கருத்தில் முதல் ஷாட்டை யோசிப்பதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை இது. பெயர்பெற்ற பழைய வீடியோக்களில் பலவும் ஏதோ ஒன்று இல்லாமல் தவித்தவர்கள் கண்டுபிடித்த வழிகள். ஒரு நோட்டில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு பாருங்கள்: இவர்கள் கையில் என்ன இல்லை? அதற்கு ஈடாக என்ன செய்தார்கள்?

1965-இல் லண்டனில் பாடகர் பாப் டிலன் ஒரு சந்தில் நிற்கிறார். பாட்டின் சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடுகிறார். இயக்குநர் பென்னிபேக்கரின் ஆவணப்படத்துக்காக எடுத்தது அது. ஒரே ஷாட், நடுவில் கட் இல்லை, வாயசைப்பும் இல்லை. 1975-இல் குவீன் இசைக்குழு 'பொஹீமியன் ராப்சடி' வீடியோவைச் சில மணி நேரத்தில் எடுத்து முடித்தது. சுற்றுப்பயணத்தில் இருந்ததால் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நேரில் போக முடியவில்லை, பதிலுக்கு வீடியோ போனது. பாட்டு வீடியோக்களுக்கான எம்டிவி அலைவரிசை 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் பிறந்தது என்பதை நினைவில் வைத்தால், இந்த வடிவம் அந்த அலைவரிசையைவிட மூத்தது என்பது விளங்கும். 2006-இல் ஓகே கோ குழு எட்டு டிரெட்மில்களை வைத்து ஒரே டேக்கில் ஆடியது. அவர்கள் செலவழித்தது ஒத்திகை நேரத்தை.

இனி நம் பக்கம். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கத்தில் நடிகர்களே கேமரா முன் பாடினார்கள். 1938-இல் வந்த ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் ஒரு பாத்திரத்துக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். குரல் ஒருவருடையது, உருவம் இன்னொருவருடையது என்ற ஏற்பாட்டில்தான் இன்றைய வாயசைப்பும் நிற்கிறது. பிறகு தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவின் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி 'ஒளியும் ஒலியும்'. அதைத் தெருவில் ஒரே டி.வி. முன்னால் கூடிப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அவர்களிடம் ஒலிப்பதிவோடு பேட்டி எடுங்கள். பழைய மைக்செட்காரர் யாராவது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எந்தப் பாட்டு எந்தத் திருவிழாவில் ஒலித்தது என்று அவர் சொல்லும் செய்தி எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

சினிமாவுக்கு வெளியே வந்த வீடியோக்களில் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை மூன்று. 2015-இல் சோபியா அஷ்ரப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்', பாதரச வெப்பமானித் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பாதிப்பைச் சொன்னது; அடுத்த ஆண்டு அந்த ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தில் எடுக்கப்பட்டது. சாம்பலும் புகைபோக்கியும் சூழ்ந்த இடத்தில் முகமூடியோடு அமர்ந்து கருநாடக இசை பாடுகிறார்கள். இரண்டையும் இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். புறம்போக்குப் பாடலில் இடம்தான் கதை. அரங்கு எதுவும் போடத் தேவைப்படவில்லை. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யில் பாடகர் அறிவு தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து சொற்களை எடுத்தார். பாட்டியும் வீடியோவில் தோன்றுகிறார். அந்தப் பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்ற பேச்சு பின்னாளில் பொதுவெளியில் நீண்டது. அதிலும் உங்களுக்குப் பாடம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

இத்தனையும் பார்த்துவிட்டு, உங்கள் பக்கத்தில் எங்கே தெருக்கூத்து நடக்கிறது என்று விசாரியுங்கள். கோடையில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடியவிடிய நடக்கும். கூத்தை அறிமுகம் செய்யும் கட்டியங்காரன் வந்த பிறகு முக்கிய வேடம் வருவதைக் கவனியுங்கள். இருவர் திரைச்சீலையைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் நின்று வேடதாரி பாடுவார். சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், முகம் தெரியாது. ஆர்மோனியமும் மத்தளமும் ஏறி, பார்ப்பவருக்கு ஆவல் முற்றிய பிறகே திரை விலகும். பாடுகிறவரின் முகத்தை எப்போது காட்டுவது என்பதுதான் வீடியோ எடுப்பவரின் முதல் கேள்வி. அதற்கு நம் ஊர்க் கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாக விடை சொல்லி வருகிறார்கள். எனக்கு இதைவிடச் சிறந்த பாடம் எந்த வெளிநாட்டு வீடியோவிலும் கிடைக்கவில்லை.

நோட்டு நிரம்பியதும் உங்கள் வீடியோவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'காதல் தோல்வி' என்பது வாக்கியம் ஆகாது. 'கரும்பு வெட்டப் போன அப்பா மாலையில் திரும்புவதற்குள் மகள் அவருக்காக ஒரு பாட்டு கட்டி முடிக்கிறாள்' என்பது வாக்கியம். யார், எங்கே, எதற்குள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. பிறகு பாட்டைப் பத்து நொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது, எங்கே எடுப்பது என்று எழுதுங்கள். ஷாட் லிஸ்ட் தானாக வந்துவிடும்.

இடத்துக்கு அலைய வேண்டாம். கச்சிராயப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு லோடு போகும் சாலை, கோமுகி பாயும் வயல், கரியாலூர், வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். கல்வராயன் மலை நமக்கு மேற்கே இருக்கிறது. காலை வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். மலை பின்னணியில் பளிச்சென்று வேண்டுமானால் ஆறரையிலிருந்து எட்டரை மணிக்குள் எடுங்கள். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் முன்னதாகவே மறைந்துவிடும், நிழலுருவம்தான் கிடைக்கும். இதை அறியாமல் 'ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும்' என்று திட்டம் போட்டால் கடைசி ஷாட் போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை பிறந்த பிறகு வானம் தெளிவு.

கோமுகி அணைப்பகுதிக்கு நீர்வளத்துறையிடமும் காப்புக்காட்டுக்கு வனத்துறையிடமும் பள்ளி அல்லது கல்லூரிக் கடிதத்தோடு முன்பே அனுமதி கேளுங்கள். ட்ரோன் வேண்டாம் என்பது என் யோசனை. அனுமதிக்கு அலையும் நேரத்தில் இரண்டு ஒத்திகை பார்த்துவிடலாம். மலைமேல் வாழும் மலையாளி மக்களை 'பழங்குடி' என்று காட்ட இறகும் இலையும் கட்டி ஆடவைக்காதீர்கள். அவர்கள் உடுத்தாத உடையை அவர்கள் பெயரில் காட்டுவது பொய். சாமை அறுப்பவரையோ மரவள்ளிக் கிழங்கு பிடுங்குபவரையோ எடுக்க வேண்டுமானால் பாட்டைப் போட்டுக் காட்டி, சம்மதம் வாங்கி, எடுத்ததையும் காட்டுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

படப்பிடிப்பில் பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிடுங்கள். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது, பாட்டு போனிலேயே இருக்கட்டும். பாடகர் வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். உரக்கப் பாடச் சொல்லுங்கள். முதலில் முழுப் பாட்டையும் ஒரே டேக்கில் எடுத்துவிடுங்கள். மற்ற ஷாட் எது கெட்டாலும் அது காப்பாற்றும். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு கைதட்டல் போதும், எடிட்டிங்கில் பொருத்திக்கொள்ளலாம். போனில் ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் கீழே படம் துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் நிற்கும்.

ஒரு அழகான உத்தி. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அதற்கேற்பப் பாடச் சொல்லி, நொடிக்கு 60 ஃபிரேமில் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் 30-ஆக ஓட்டினால் உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும். கூந்தலும் புழுதியும் கரும்புத் தோகையும் கனவில்போல் மெதுவாக அசையும். ஒருநாள் முன்பே வீட்டில் பழகிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். ஒவ்வொரு தாளத்துக்கும் கட் பண்ணும் ஆசை வரும், அடக்குங்கள். டிலனின் அந்தச் சந்துக் காட்சியை நினைத்துக்கொண்டு, ஒரு ஷாட்டையாவது பத்து நொடி ஓடவிடுங்கள்.

கடைசியாக, நான் சொல்வதாகச் சொன்னது. யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், யாரிடமிருந்து பாட்டு கேட்கப்பட்டது, பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். அந்தத் தாள், சம்மதக் கடிதங்கள், ஆராய்ச்சி நோட்டு, வெட்டாத மூலக் காட்சிகள் நான்கையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். யூடியூப் விவரப் பகுதியில் ஊர், ஆண்டு, பங்கேற்றவர்கள் எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள், பாட்டியின் பெயரை முதலில் போட்டு.