எக்ஸ்றேயில் மாறாத நிழல்

சிறுபிள்ளைக்குக் காய்ச்சல், இருமல், மார்பு எக்ஸ்றேயில் வெள்ளையாக ஒரு நிழல் என்றால், அது பெரும்பாலும் நியூமோனியாதான். மருந்துடன் மாறிவிடும். மாறாத நிழலைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

நுரையீரலிலேயே தோன்றும் புற்றுநோய் பிள்ளைகளில் மிக அரிது. அவற்றுள் முக்கியமானது 1988இல் தனி நோயாக விபரிக்கப்பட்ட ‘புளூரோபல்மனரி பிளாஸ்ரோமா’. இதன் முதலாம் வகை, காற்று நிரம்பிய மெல்லிய பைகளாக, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தெரியவரும். எல்லாம் அல்ல, ஆனால் சில இரண்டு, மூன்று வயதளவில் திண்மக் கட்டியாக மாறுகின்றன. முதலாம் வகையில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் தப்புகிறார்கள். முழுவதும் திண்மமான மூன்றாம் வகையிலோ ஏறத்தாழப் பாதிப்பேர்தான்.

சிக்கல் என்னவென்றால், பிறவியிலேயே வரும் சாதாரண நுரையீரல் பைகளும் சி.ரி. ஸ்கானில் இதே தோற்றம்தான். இரண்டு பக்கமும் பைகள் இருந்தால், அல்லது பை வெடித்து நெஞ்சறைக்குள் காற்றுப் புகுந்திருந்தால் சந்தேகம் கூடும். முடிவு சொல்வது, சத்திரசிகிச்சையில் எடுத்த பகுதியை நுணுக்குக்காட்டியில் பார்ப்பவரே.

“ஸ்கான் கதிராலேயே புற்றுநோய் வராதா டொக்டர்?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சிறு ஆபத்து உண்டுதான், அதனால்தான் பிள்ளைகளுக்குக் கதிரின் அளவைக் குறைத்து எடுப்பார்கள். கதிரே இல்லாத அல்ட்ராசவுண்ட், நிழல் நீரா திண்மமா என்று முதலில் காட்டும். ஆனால் பைகளின் அமைப்பைப் பார்க்க சி.ரி.தான் வேண்டும்.

இன்னொன்று. இந்நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ‘டைசர்-1’ என்ற மரபணுவில் பிறவி மாற்றம் இருப்பது 2009இல் கண்டறியப்பட்டது. அதே மாற்றம் குடும்பத்தில் மற்றவர்களுக்கு இளவயதில் தைரொயிட் கழலையாக, சிறுநீரகத்தில் நீர்ப்பையாக, சூலகக் கட்டியாக வரலாம். எங்கள் ஆட்களிடம் குடும்ப வருத்தம் கேட்டால் “ஒன்றுமில்லை” என்பதே முதல் பதில். கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சல் என்ற பயம்! கழலை எங்களில் பலருக்கும் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். சித்திக்குப் பதினாறு வயதில் கழலை வெட்டினார்கள் என்றால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிழல் உருண்டையாக இருந்தாலோ, மருந்து முடிந்தும் இருமலோ மூச்சிளைப்போ தொடர்ந்தாலோ, நாலு முதல் ஆறு கிழமைக்குள் இரண்டாவது எக்ஸ்றே தேவையா என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். மூச்சு எடுக்கத் திணறினால் காத்திராமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். வேறு நாட்டிலோ வேறு ஆஸ்பத்திரியிலோ எடுத்த பழைய படம் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். நிழல் பழையதா புதியதா என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்தே பார்க்க முடியும்.